தாட்சாயினி வீட்டு மேசையில் பெய்த பனி

தாட்சாயினியின் சாப்பாட்டு மேசையில் பனி கொட்டத் தொடங்கியது ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு. அப்போது அவளும் அவளுடைய பன்னிரண்டு வயது மகள் ஆரணியும் மேசை நிறைய விரித்திருந்த காட்டு வரைபடத்தின்மேல் குனிந்து, மான் வேட்டைக்குப் போகிற முதல் நாள் எந்த ஏரிக்கரையில் கூடாரம் அடிப்பது என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார்கள். கூரையில் ஓட்டை இல்லை. ஜன்னல் பூட்டியிருந்தது. மேசைக்கு மேலே ஒரு முழ உயரத்தில், விளக்குக்குச் சற்றுக் கீழே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து மாவரிக்கிறமாதிரி மெல்லிசாக இறங்கிய பனி, வரைபடத்தின் நாலு ஓரத்துக்குள்ளே மட்டும் விழுந்தது. ஆரணி பென்சிலைக் கீழே வைத்தாள். தாட்சாயினி எழும்பி, மேசையில் இருந்த ஊறுகாய்ப் போத்தலையும் உப்புச் சாடியையும் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தாள். அன்றிலிருந்து மூன்று கிழமை அந்த வீட்டில் எல்லோரும் குசினியில் நின்றபடிதான் சாப்பிட்டார்கள்.

வடக்கு ஒன்ராறியோவில் ஹெறன்லேக் என்கிற அந்த ஊரில் நாங்கள் தமிழ்க் குடும்பங்கள் பதினொன்று. காகித ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கென்று வந்தவர்கள், குளிருக்குப் பயந்து ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவர்கள். நான் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தாட்சாயினியின் பக்கத்து வீடு. அவளுடைய கணவன் சிவபாதன் நகரசபையின் பனி வழிக்கிற லொறி ஓட்டுகிறான். அவள் ஊரில் இருக்கும் ஒரே பெரிய கடையின் இறைச்சிப் பகுதியில் வெட்டுகிறவள். ஒரு முழு மாட்டுத் தொடையைத் தனியாகத் தோளில் ஏற்றிக் கொக்கியில் மாட்டுவாள், பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து என் வீட்டு மாவை என்னைவிட மெதுவாகப் பிசைவாள். அப்படிப்பட்ட கை.

அந்தக் கடைக்குத்தான் ஆரணி ஒன்பது வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள், பின்வாசலால் உள்ளே போனாள், கொக்கியில் தொங்கியதைப் பார்த்தாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து, இனி இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். மூன்று வருஷம் சாப்பிடவில்லை. பருப்பும் கீரையும் தின்றுதான் வளர்ந்தாள், ஆனால் வளர்ந்த வேகத்துக்கு இரத்தம் காணவில்லை. வகுப்பில் மயங்கி விழுந்தாள். இரும்புச்சத்துக் குளிசை அவள் வயிற்றில் நிற்கவில்லை. டொக்டர் இறைச்சி கொடுங்கள் என்று சொல்ல, தாட்சாயினி மகளைக் கட்டாயப்படுத்தாமல், என்ன செய்தால் சாப்பிடுவாய் என்று கேட்டாள். பிள்ளை இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் காலையில் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்கும்போது பதில் சொன்னாள்.

"வேற ஆரோ உயிரை எடுத்து, வேற ஆரோ வெட்டி, நான் ஒண்டும் தெரியாத மாதிரிச் சாப்பிடமாட்டன் அம்மா. நானே எடுத்தால் சாப்பிடுவன்."

தாட்சாயினி வேறொரு தாயாக இருந்திருந்தால் அதை ஒரு பிடிவாதக்காரப் பிள்ளையின் பேச்சு என்று விட்டிருப்பாள். இவள் அடுத்த கிழமையே நகர மண்டபத்தில் நடந்த வேட்டை வகுப்பில் இரண்டு பேருடைய பெயரையும் எழுதிக் கொடுத்தாள். நாங்கள் எல்லோரும் பேசாமல் இருக்கவில்லை. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்த சனம், இங்கே வந்து பிள்ளையின் கையில் துவக்கைக் கொடுக்கிறதா என்று கேட்டோம், நானும் கேட்டேன். வகுப்பில் முதல் நாள் துவக்கைத் தாட்சாயினியின் கையில் கொடுத்தபோது முழங்கை வரைக்கும் நடுங்கியதாம். மேசையில் வைத்துவிட்டு, அடுத்த கிழமை எடுக்கிறேன் என்றாளாம். ஆறு கிழமை அப்படியே சொன்னாளாம். ஒரு கிழமைகூட வராமல் இருக்கவில்லை. ஏழாவது கிழமை எடுத்தாள், எடுத்த கை நடுங்கவில்லை, வகுப்பு முடிவில் நூறு யார் தூரத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாய்க்குள் ஐந்து குண்டையும் இறக்கினாள். ஆரணி நாலு.

பிறகு திட்டம் போடத் தொடங்கினார்கள், அந்தத் திட்டம்தான் எங்கள் ஊரே பார்த்து வாயடைத்துப்போன விஷயம். தெருவோரம் காரை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்று சுடுகிற வேட்டையில்லை அது, தெரு முடிந்த பிறகு ஒன்பது கிலோமீற்றர் காட்டுக்குள் நடந்து, மூன்று நாள் கூடாரத்தில் இருந்து, கிடைப்பதைத் தாங்களே இழுத்துவருகிற வேட்டை. ஆரணி ஒரு பழைய கலண்டரின் பின்பக்கம் முழுக்க எழுதினாள்: பருத்திச் சட்டை ஒன்றுகூட வரக்கூடாது, வியர்வை காயாது, விரல் நொந்தால் உடனே சொல்லவேணும், விரல் மரத்து நோகாமல் விட்டால் அதைவிட வேகமாகச் சொல்லவேணும், பின்னேரம் இரண்டு மணிக்கு எங்கே நின்றாலும் கூடாரத்துக்குத் திரும்பவேணும், மான் கண்ணுக்கு முன்னால் நின்றாலும் திரும்பவேணும், மார்கழி பிறக்கும்வரை எந்த ஏரியின் உறைபனியிலும் கால் வைக்கக்கூடாது. சோற்றையும் பருப்பையும் சமைத்துக் கட்டியாக உறையவைத்து, செங்கல் மாதிரித் தாளில் சுற்றி அடுக்கினார்கள். றொட்டியும் இடிச்ச சம்பலும் தனிப்பொதி. பின்வளவில் கூடாரத்தை அடித்து, உள்ளே குட்டித் தகர அடுப்பை மூட்டி, பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டில் இரண்டு இரவு படுத்துப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஆரணி ஒரு மாதம் பத்துக் கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தே போனாள். மயக்கம் வந்த இடங்களில் இருந்துவிட்டு, மயக்கம் போனதும் எழும்பி நடந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் வரைபடத்தில் பனி கொட்டியது.

முதல் இரண்டு நாளும் நாங்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தோம். மூன்றாம் நாளிலிருந்து அதற்கென்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. வீட்டுச் சூட்டைக் குறைக்கவேண்டியிருந்தபடியால் எல்லோரும் குளிர்ச்சட்டையோடு வந்து, சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் கதிரைகளில் இருந்தோம். சிவபாதன் விடிய மூன்று மணியிலிருந்து ஊர்ப் பனியை வழித்துவிட்டு வந்து, தன் சாப்பாட்டு மேசையிலும் பனி கிடப்பதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் மனவருத்தத்தோடு நிற்பான், பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போவான். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை அந்த மேசைக்குப் பக்கத்தில் இருந்து செய்தார்கள், பனி பெய்கிற இடத்தில் ஒரு அமைதி இருக்கிறது, அங்கே கணக்கு நன்றாக வருகிறது என்று சொன்னார்கள். யாரோ ஒருத்தி விபூதி கொண்டுவந்தாள். தாட்சாயினி அதை மரியாதையாக வாங்கிச் சாமிப்படத்தடியில் வைத்துவிட்டு, மேசைக்கு ஒன்றும் செய்யவேண்டாம், அது பாட்டுக்குப் பெய்யட்டும் என்றாள். கிழமைக்குள்ளே வரைபடத்தின் நீல ஏரிகள் வெள்ளையாயின, பச்சைக் காடு சாம்பல் நிறமானது, வெளியே காட்டில் பனி பெய்யும்போது மேசையிலும் பெய்தது, வெளியே காற்று எழும்பும்போது மேசையிலும் பனித்தூள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஓடியது.

ஆலை அலுவலகத்தில் வேலை செய்கிற குகநேசன் மாஸ்டர் முன்பு நாட்டில் கணிதம் படிப்பித்தவர், எதையும் அளந்து பார்க்காமல் விடமாட்டார். அவர் ஒருநாள் ஆள்காட்டி விரலால் வடமேற்கு மூலையில் ஒரு மேட்டை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, குளிர்கிறது என்றார். இரண்டு நாள் கழித்து, அந்தப் பக்கம் நாற்பது வருஷமாக வேட்டைக்குப் போகிற ரெய்னோ என்கிற பின்லாந்துக்காரர் வந்து, அந்த மேட்டில் ஒரு வீடளவு வட்டமாகப் பனி அமுங்கிப்போய்க் கிடக்கிறது, சுற்றியிருந்த பைன் மரங்கள் எல்லாம் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்று சொன்னார். குகநேசன் மாஸ்டர் அதற்குப் பிறகு கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே இருந்தார். யாரும் தொடக்கூடாது என்று ஒரு தாளில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கதிரையின் முதுகில் ஒட்டினார்கள்.

இரண்டாவது கிழமை தொடக்கத்தில் தடங்கள் வந்தன. ஊசியால் குத்தினமாதிரி இரட்டை இரட்டையாக, கோணல் ஏரிக்குத் தெற்கே ஒரு பள்ளத்திலிருந்து புறப்பட்டு, ஓடையைக் கடந்து, மேட்டில் ஏறி, திரும்ப அதே பள்ளத்துக்கு. வரைபடத்தின் அளவுப்படி பார்த்தால் அவை கண்ணுக்கே தெரியக்கூடாது என்றார் மாஸ்டர். தெரிந்தன. அடுத்த நாளே ஊரில் துவக்கு வைத்திருக்கிற அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள், கோப்பியும் கேக்கும் கொண்டுவந்து, காலநிலையைப் பற்றி விசாரித்து, கண்ணை மட்டும் மேசைப் பக்கம் ஓடவிட்டார்கள். எங்கள் ஆட்களும் சொன்னார்கள், தெய்வமே காட்டித் தருகிறது, பிள்ளை சிரமப்படாமல் நேரே அந்தப் பள்ளத்துக்குப் போய் ஒரே நாளில் எடுத்துக்கொண்டு வரலாம் என்று. தாட்சாயினிக்கும் அந்த ஆசை வந்தது என்றுதான் நினைக்கிறேன். பிள்ளையின் உதடு அப்போது வெளிறிப்போயிருந்தது.

ஆரணி பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அந்தப் பள்ளத்தைப் பார்க்காமல் தாயின் முகத்தையே பார்த்தாள்.

"அந்த மானுக்கு எங்கட வீடு எங்க இருக்கெண்டு தெரியாது," என்றாள். "எங்களுக்கு மட்டும் அதின்ர வீடு தெரிஞ்சால் அது வேட்டையில்லை, அம்மா."

கேக் கொண்டுவந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவர்களும் மேசையிலிருந்து கண்ணை எடுத்தார்கள். தாட்சாயினி மகளின் முதுகிலிருந்து பையை இறக்கினாள்.

"சரி பிள்ளை. அப்ப மூடுவம்."

நாலு மூலைக்கும் நாலு விளக்குமாற்றுத் தடியை நிறுத்தி, தன் கல்யாணக் கூறைச்சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து, பனியில் படாமல் மேசைக்குமேலே கூடாரம் மாதிரிக் கட்டி மூடினாள். அந்தச் சிவப்புப் பட்டுக்கு அடியில் பனி தன்பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது. அவர்கள் புதுசாக இன்னொரு வரைபடம் வாங்கி, குசினி நிலத்தில் விரித்து, தாங்கள் பார்த்துவிட்ட பள்ளத்தைத் திட்டத்திலிருந்து எடுத்து, அதற்கு எதிர்ப்பக்கமாக, ஓடைக்கு வடக்கே, கண்ணால் ஒன்றும் காணாத ஒரு காட்டைத் தெரிந்தெடுத்தார்கள். ஊர் வேட்டைக்காரர்கள் ஏமாற்றத்தோடு போனார்கள். ரெய்னோ மட்டும் போகும்போது தொப்பியைக் கழற்றி, எங்களிடம் சொல்கிறமாதிரி யாரையும் பார்க்காமல், இந்தப் பிள்ளையோடு ஒரே காட்டில் வேட்டையாடினேன் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது என்றார்.

கார்த்திகையின் கடைசி வெள்ளிக்கிழமை விடியப் புறப்பட்டார்கள். செம்மஞ்சள் மேலங்கி, செம்மஞ்சள் தொப்பி, காலில் அகலமான பனிச்சப்பாத்து, இடுப்பில் கட்டி இழுக்கிற இரண்டு சறுக்குப் பலகைகளில் கூடாரமும் அடுப்பும் சாப்பாடும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே துவக்கு, பன்னிரண்டு வயதுக்குச் சட்டம் அப்படி. சிவபாதன் தெரு முடிகிற இடம்வரை கொண்டுபோய் இறக்கிவிட்டான். அங்கே வைத்து ஆரணி அவனிடம், தாங்கள் போன பிறகு சேலையை எடுக்கலாம் என்று சொன்னாள். ஏதாவது நடந்தால் எங்கே தேடுவதென்று ஒருவருக்குத் தெரிந்திருக்கவேண்டும், அது திட்டத்தில் இருக்கிறது. ஆனால் பார்க்கலாம், தொடக்கூடாது.

ஆகவே நாங்கள் பார்த்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைபடத்தின் கிழக்கோரத்தில் இரண்டு வரிசைக் காலடிகள் உள்ளே வந்தன, பெரியதும் சிறியதும், அவற்றுக்குப் பின்னால் சறுக்குப் பலகைகளின் இரண்டு நூல்கோடுகள். பதினொரு குடும்பமும் முறைவைத்து வந்தோம். வேலை முடிந்தவர்கள் சாப்பாடு கொண்டுவந்தார்கள், சாப்பாடு முடிந்தவர்கள் வேலைக்குப் போனார்கள். ஓடைக்கரையில் கூடாரம் முளைத்தது, ஒரு உளுந்துத் தோலளவு. அதிலிருந்து புகை வந்தது, அது மேசைக்குமேலே ஒரு விரற்கடை உயர்ந்து கரைந்தபோது எங்கள் நாட்டுப் பிலா விறகின் வாசம் இல்லாமல் பைன் பிசின் வாசம் அடித்தது. சனிக்கிழமை முழுக்கக் காலடிகள் வடக்கே போயின, நின்றன, திரும்பின, இரண்டு மணிக்குச் சரியாகக் கூடாரத்தைப் பார்க்க வந்தன. ஒரு மானின் தடமும் அவர்கள் பக்கம் இல்லை. தெற்கே அந்தப் பள்ளத்தில் ஐந்து மான்கள் ஒன்றாகப் படுத்து எழும்பியது எங்களுக்கு வடிவாகத் தெரிந்தது. யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று எழும்பியது. மேசையில் பனித்தூள் பறந்து காலடிகளை நிரப்பிக்கொண்டே போனது. ஒரு மணியளவில் இரண்டு வரிசையும் வழக்கமான வழியை விட்டுக் கோணல் ஏரியின் வடகரைக்கு வந்து நின்றன. ஏரிக்கு மறுகரையில், முந்நூறு யார்கூட இல்லாத தூரத்தில் கூடாரம். சுற்றிப்போனால் இரண்டு மணித்தியாலம். ஓடை ஏரிக்குள் விழுகிற அந்த வாய் கார்த்திகையில் ஒருநாளும் பிடித்து உறையாது என்று ரெய்னோ சொன்னார், பனி மூடிக் கிடந்தால் தெரியாது என்றும் சொன்னார்.

பெரிய காலடி ஒன்று ஏரியில் விழுந்தது. பிறகு இன்னொன்று.

சிவபாதன் கதிரையிலிருந்து எழும்பினான். அவன் கை மேசைக்குமேலே வந்து, அந்தக் காலடிகளுக்கு முன்னால் மறிக்கிறமாதிரி, பனிக்கு ஒரு அங்குலம் உயரத்தில் நின்றது. அந்தக் கை இறங்கினால் காடே நசியும் என்று அவனுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். இருபது வருஷமாகப் பனி வழித்து வெடித்துப்போன அந்தக் கை இறங்கவில்லை.

"தாட்சா," என்று மேசைக்குச் சொன்னான், பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிடுகிற குரலில். "பிள்ளை சொல்லுறதைக் கேள்."

அவர்களுக்கு அது கேட்டிருக்கமுடியாது. சின்னக் காலடிகள் கரையிலேயே நின்றன, நகரவில்லை. காற்று இரண்டு முறை வந்து போனது. பிறகு ஏரியில் விழுந்த இரண்டு பெரிய காலடிகளும் பின்னுக்கு வந்தன, சின்னது முன்னால் திரும்பிக் கரையோரமாக நடக்கத் தொடங்கியது, பெரியது அதன் பின்னால் போனது. பிறகு தாட்சாயினி எங்களுக்குச் சொன்னாள்: நேரம் போகிறது, பிள்ளை களைத்துவிட்டாள், கூடாரம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே குறுக்கே போகலாம் என்று நினைத்துக் கால் வைத்தாளாம். ஆரணி நின்ற இடத்திலிருந்து, நாங்கள் வெளிச்சத்தில் யோசித்து எழுதினதைக் குளிரில் மாற்றக்கூடாது அம்மா என்றாளாம். பிறகு கோடரியின் பிடியால் அந்த இடத்தை மூன்று முறை தட்டிக் காட்டினாளாம். மூன்றாம் தட்டில் கறுப்புத் தண்ணீர் வந்ததாம்.

சுற்றிப்போன அந்த வழியில்தான் மான் நின்றது. பள்ளத்து மான்களில் ஒன்றில்லை, மேற்கிலிருந்து தனியாக, வரைபடத்துக்கு வெளியிலிருந்து வந்த தடம், நாங்கள் யாரும் அதற்குமுன் காணாதது. இரண்டு வரிசைக் காலடிகளும் நின்றன. மணி ஒன்று இருபது என்று குகநேசன் மாஸ்டர் மெதுவாகச் சொன்னார், சட்டைப்பையிலிருந்து கையை எடுக்காமல். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. மரங்களுக்கு நடுவில் ஒரு கடுகளவு சிவப்பு வந்தது, அதிலிருந்து இருபது தடம் தள்ளி இன்னொன்று, பிறகு தடம் இல்லை. பெரியதும் சிறியதுமான காலடிகள் அரை மணித்தியாலம் நின்ற இடத்திலேயே நின்றன, காயம்பட்டதைத் துரத்தி ஓடவைக்கக்கூடாது என்று திட்டத்தில் இருந்ததாம், பிறகு மெதுவாக அந்த இடத்துக்குப் போயின. என் பக்கத்தில் இருந்த பெண் அழுதாள். சந்தோஷத்திலா துக்கத்திலா என்று எனக்கு விளங்கவில்லை, அவளுக்கும் விளங்கியிருக்காது.

திங்கட்கிழமை பின்னேரம் இருட்டுவதற்கு முன்னால் இரண்டு பேரும் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு வருஷத்து ஆண்மான், சறுக்குப் பலகையில் கட்டி ஒன்பது கிலோமீற்றர் இழுத்திருந்தார்கள். தாட்சாயினியின் கன்னம் குளிரில் வெடித்திருந்தது. ஆரணிக்கு நடக்க முடியாமல் தகப்பன்தான் தூக்கிக் காரில் வைத்தான். அவர்கள் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது மேசையில் பெய்தது நின்றிருந்தது, மறுநாள் காலையில் வரைபடம் ஈரத்தில் நெளிந்துபோய், நீலமும் பச்சையுமாகத் தன் நிறத்துக்குத் திரும்பிக் கிடந்தது. யாரும் அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. தாட்சாயினி மேசையைத் துடைத்து, ஊறுகாய்ப் போத்தலையும் உப்புச் சாடியையும் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள்.

இறைச்சியைத் தாயும் மகளும் சேர்ந்துதான் வெட்டினார்கள். எங்கே எலும்பு பிரியும், எங்கே கத்தி தானாக வழுக்கும் என்று தாட்சாயினி ஒவ்வொன்றாகக் காட்ட, ஆரணி கேட்டுக் கேட்டு வெட்டினாள், ஒரு துண்டையும் வீணாக்கவில்லை. முதல் கறியை அவளே வைத்தாள். மிளகும் சீரகமும் மட்டும். தட்டில் போட்டு, முதல் வாயைக் கனநேரம் மென்றாள், விழுங்கினாள், இன்னும் கொஞ்சம் போடச் சொன்னாள். தாட்சாயினி போட்டுவிட்டு, குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள் என்று சிவபாதன் பிறகு சொன்னான். தை மாதம் டொக்டர் திரும்ப இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

காட்டிலிருந்து திரும்பியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆரணி மீதி இறைச்சியைத் தாளில் சுற்றி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு பொதியாகக் கொண்டுவந்தாள். என் வீடுதான் முதல். நான் கதவைத் திறந்து கையை நீட்டினேன். அவள் பொதியைத் தரவில்லை.

"முதல்ல கேளுங்கோ அன்ரி, பிறகு தாறன்," என்றாள்.

அந்த மான் மரப்பட்டையைக் கடித்துக்கொண்டு நின்றது, அதன் இடது காதில் ஒரு பழைய கிழிசல் இருந்தது, தான் சுட்டதும் அது விழுந்து எழும்பி நடந்து ஒரு தேவதாருவுக்குக் கீழே படுத்தது, தானும் தாயும் போகும்போது அதற்கு இன்னும் உயிர் இருந்தது, பனியில் குந்தியிருந்து அதன் கழுத்தில் தான் கையை வைத்தது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள்.

"ரெண்டு மூச்சு விட்டது. முதல் மூச்சில என்னைப் பார்த்தது. ரெண்டாவதில பார்க்கேல்லை."

பயந்தாயா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ஓம் என்றாள், சுடுவதற்கு முன்னால் பயமில்லை, பிறகுதான் என்றாள். பிறகு பொதியைத் தந்தாள். நான் அதை இரண்டு கையாலும் வாங்கினேன், மார்கழிக் குளிரில் கதவைச் சாத்த மறந்து அப்படியே நின்றேன். அவள் எங்கள் படியிறங்கி, பனியில் முழங்காலளவு புதைந்து புதைந்து அடுத்த வீட்டுக்குப் போய் மணியை அடித்தாள். குகநேசன் மாஸ்டர் கதவைத் திறந்து கையை நீட்டினார். அவள் பொதியைத் தரவில்லை. மரப்பட்டையைக் கடித்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து திரும்பத் தொடங்கினாள், ஒரு சொல்லையும் குறைக்கவில்லை, அதற்குப் பிறகும் அவளுக்கு எட்டு வீடு இருந்தது.